கோர்செயார் சிஎக்ஸ்650: மலையகத்துக் கரண்டுக்குத் தாங்குமா?

சிஎக்ஸ்650 என்பது கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை. அதைப் பார்க்குமுன், கேசிங்கோடு சேர்த்து விற்கும் ஏதாவதொரு '500 வொட்' சப்ளையைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். மேலே 500 என்று கொட்டை எழுத்து. கீழே +12வி கட்டத்தில் 18 அம்பியர் என்று இருந்தால், 12ஐ 18ஆல் பெருக்க வருவது 216 வொட்தான். ப்ரோசஸரும் விஜிஏ கார்டும் (திரைக்குப் படம் தரும் கார்டு) குடிப்பது அந்த 12 வோல்ட்டிலிருந்து. மிச்சம் வெறும் கணக்குக் காட்டல். சிஎக்ஸ்650இல் அதே கட்டத்தில் 54 அம்பியர், அதாவது 648 வொட்.

ஐ5-12400எஃப் ப்ரோசஸர் உச்சத்தில் 117 வொட், ஆர்டிஎக்ஸ் 4060 விஜிஏ கார்டு 115 வொட். போர்டு, ரெம், விசிறிகளுக்கு 60 வைத்தாலும் 300ஐத் தாண்டாது. என்விடியா 4060க்குச் சொல்வது 550 வொட். ஆக 650 தாராளம். 850 வாங்கும் காசை, கரண்ட் போனால் பேட்டரியில் தாங்கும் யூபிஎஸ்ஸில் போடுங்கள்.

தோட்டத்து லைனின் கடைக்கோடியில் அந்தியில் பல்ப் மங்குமே, அப்போது 115/230 சிவப்பு சுவிட்ச் வைத்த மலிவுப் பெட்டி ரீஸ்டார்ட் ஆகும். சிஎக்ஸ்650 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்பதால் அசையாது. கரண்ட் முழுதாய்ப் போனால் கதை வேறு. 650விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வொட் சொச்சம்தான். மொனிட்டரும் சேர்ந்தால் விளிம்பு. 1000விஏவுக்குக் குறைய வேண்டாம்.

எர்த் இல்லாத லயத்துக் காம்பராவில் இதைச் செருகினால், கேசிங்கின் திருகில் விரல் பட்டதும் சுருக்கென்னும், டெஸ்டர் மினுங்கும். உடனே சப்ளை பழுதென்று கடைக்குத் தூக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஃபில்டர் கப்பாசிட்டர்களின் சிறு கசிவு, எர்த்துக்குப் போக வழியில்லாமல் தகரத்தில் நிற்கிறது. எலக்ட்ரீசியனை அழைத்துச் சோதித்து, எர்த் கம்பி இறக்குங்கள். அது இல்லாவிட்டால் சர்ஜ் புரொடெக்டரும் பாதி வேலைதான் செய்யும். ஏப்ரல், ஒக்டோபர் இடிக்கு அதையும் நம்ப வேண்டாம்: பிளக்கைக் கழற்றுங்கள், ரௌட்டரிலிருந்து வரும் கேபிளையும்தான். பலர் மறப்பது இந்தக் கேபிளை.

குறை? கேபிள்களைக் கழற்ற முடியாது. சின்னக் கேசிங்கில் தேவையற்றவற்றைச் சுருட்டித் திணிப்பது தலைவலி. உத்தரவாதம் 5 வருடம். கொழும்பில் வாங்கினால் பில்லைப் பத்திரப்படுத்துங்கள், இல்லாவிட்டால் பஸ் காசுதான் நட்டம்.

விஜிஏ கார்டுக்கு 6+2 பின் கேபிளை நேரே கொடுங்கள். ஹார்ட் டிஸ்க்குக்கான சாட்டா முனையிலிருந்து மாற்றும் கன்வெர்ட்டர் வேண்டாம்: சாட்டா முனை 12 வோல்ட்டில் 54 வொட்டுக்கு மேல் தாங்காது, கார்டின் 8 பின் முனை கேட்பதோ 150 வரை. முதலில் உருகுவது அந்தக் கறுப்பு பிளாஸ்டிக்.