1886-இன் இரண்டு வண்டிகள்: பென்ஸா, டைம்லரா?

முதல் கார் யாருடையது என்று கேட்டால் எல்லோரும் பென்ஸைத்தான் சொல்வார்கள். 1886 ஜனவரி 29 அன்று கார்ல் பென்ஸ் பதிந்த 37435-ஆம் எண் காப்புரிமை அதற்குச் சாட்சி. அதே ஆண்டு, ஜெர்மனியில் பென்ஸ் இருந்த மன்ஹைமிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி, ஸ்டுட்கார்ட்டை ஒட்டிய கன்ஷ்டாட்டில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் ஒரு நாலு சக்கர வண்டியில் எஞ்சினைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். யார் முந்தினார் என்ற பேச்சு எனக்கு அலுத்துவிட்டது. இரண்டையும் பக்கத்தில் நிறுத்தி, எது நல்ல டிசைன் என்று பார்ப்பதுதான் சுவாரசியம்.

டைம்லரின் வண்டி பார்வைக்கு ஒரு சாதாரணக் குதிரைவண்டி. உண்மையிலேயே அது குதிரைவண்டிதான். வில்ஹெல்ம் விம்ஃப் என்ற ஸ்டுட்கார்ட் வண்டிப் பட்டறையில், மனைவி எம்மாவின் பிறந்தநாளுக்குப் பரிசு என்று சொல்லி டைம்லர் அதை வாங்கினார். விஷயம் வெளியே கசியக்கூடாது என்ற கவலை அவருக்கு. பிறகு ஏர்க்காலைக் கழற்றிவிட்டு, தரைப் பலகையில் இடம் வெட்டி, பின் இருக்கைக்கு முன்னால் எஞ்சினை நிமிர்த்தி நிறுத்தினார்கள்.

பென்ஸின் வண்டி அப்படி இல்லை. எஞ்சின், சட்டம், சக்கரம் மூன்றும் ஒன்றுக்காக ஒன்று யோசிக்கப்பட்டவை. எஃகுக் குழாயில் வளைத்த சட்டம், சைக்கிள் பாணிக் கம்பிச் சக்கரம், அதன்மேல் கெட்டி ரப்பர் என்று எல்லாம் சேர்ந்தும் எடை 265 கிலோ அளவுதான். இளவயதில் சைக்கிளின் மூதாதை ஒன்றை ஓட்டித் திரிந்த மனிதர் என்பது வண்டியைப் பார்த்தாலே தெரியும்.

இரண்டு பேரின் குணமும் நன்றாகத் தெரிவது ஸ்டியரிங்கில்தான். டைம்லர் வண்டியில் முன் அச்சு முழுவதும் நடுவில் ஒரே முளையில் சுழலும். குதிரை கட்டிய வண்டிக்கு இதில் குறையே இல்லை. ஒரு பக்கச் சக்கரம் கல்லில் மோதி அச்சைத் திருப்பப் பார்த்தாலும், முன்னால் நீண்ட ஏர்க்காலும் அதை இழுக்கும் குதிரையும் நேராகப் பிடித்துக்கொள்ளும். குதிரையை அவிழ்த்துவிட்டால் அந்த அடி முழுவதும் ஓட்டுபவரின் கைக்கு வந்து சேரும். சக்கரம் முளையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நெம்புகோல் பலம் கல்லின் பக்கம். அதோடு அச்சை நன்றாகத் திருப்பினால் வண்டியின் நிற்கும் அடிப்பரப்பும் குறுகி, கவிழும் ஆபத்து கூடும்.

இரண்டு முன் சக்கரங்களையும் தனித்தனியே சரியான கோணத்தில் திருப்புவது எப்படி என்பது பென்ஸுக்கும் அப்போது பிடிபடவில்லை. அதனால் ஒரு சக்கரத்தையே எடுத்துவிட்டார். நம் ஆட்டோவைப் போல முன்னால் ஒற்றைச் சக்கரம், மேலே ஒரு சின்னக் கைப்பிடி, பல்சட்டம் வழியாகத் திருப்பல். தப்பித்தல்தான், ஆனால் புத்திசாலித்தனமான தப்பித்தல். விலை என்னவென்றால், வண்டித்தடம் பதிந்த மண்சாலையில் பின் சக்கரங்கள் இரண்டும் தடத்தில் ஓட, முன் சக்கரம் மட்டும் நடுமேட்டில் குதித்துக்கொண்டு போகும். 1893-இல் பென்ஸ் விடையைக் கண்டுபிடித்துக் காப்புரிமையும் வாங்கினார். அதற்கப்புறம்தான் அவருடைய விக்டோரியா காருக்கு நாலு சக்கரம்.

எஞ்சினுக்கு வந்தால் தட்டு மறுபக்கம் சாய்கிறது. பென்ஸின் ஒற்றை சிலிண்டர் 954 சிசி, நிமிடத்துக்கு 400 சுற்று, முக்கால் குதிரைத்திறன். டைம்லருடையதும் ஒற்றை சிலிண்டர்தான். வெறும் 462 சிசி, ஆனால் 650 சுற்றுக்கு மேல், 1.1 குதிரைத்திறன். பாதிக்கும் குறைந்த கொள்ளளவில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பலம்! எஞ்சினைச் சீராகச் சுழலவைக்கும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலை பென்ஸ் படுக்கவைத்தார். நிமிர்ந்த நிலையில் சுழன்றால் வண்டியைத் திருப்பவிடாமல் அது முரண்டு பிடிக்கும் என்ற பயம். பின்னால் வந்த கார்களில் அந்தப் பயம் விட்டுப்போய் அதை நிமிர்த்திவிட்டார்.

டைம்லர் எஞ்சினின் வேகத்துக்குக் காரணம் பற்றவைக்கும் முறை. சிலிண்டருக்குள் திறக்கும் ஒரு சின்னக் குழாயை வெளியிலிருந்து பர்னர் சுடர் பழுக்கக் காய்ச்சிக்கொண்டே இருக்கும். பிஸ்டன் கலவையை அழுத்தியதும் அது குழாய்க்குள் புகுந்து பற்றிக்கொள்ளும். பேட்டரி வேண்டாம், அசையும் பாகமும் இல்லை. ஆனால் பெட்ரோல் ஆவி சூழ்ந்த வண்டியில் திறந்த சுடரோடு உட்கார வேண்டும், காற்றடித்தால் அணைந்துபோகும், எந்த நொடியில் பற்ற வேண்டும் என்பதைத் துல்லியமாகக் கட்டுப்படுத்தவும் முடியாது.

பென்ஸ் பேட்டரி, காயில், ஸ்பார்க் பிளக் என்று மின்சாரத்தைப் பிடித்துக்கொண்டார். டைனமோ இல்லாததால் பேட்டரி தீர்ந்தால் வண்டி நின்றுவிடும். அன்றைக்கு ஓட்டிப் பார்த்தவருக்கு இது பெரிய தலைவலியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் இன்றைய பெட்ரோல் காரின் பானெட்டைத் திறந்தால் கிடைப்பது ஸ்பார்க் பிளக்தான், பழுத்த குழாய் அல்ல.

மற்ற விஷயங்களில் பென்ஸ் ஒரு படி மேல். பெல்ட்டிலிருந்து குறுக்கு அச்சு, அதில் டிஃபரன்ஷியல், அங்கிருந்து இரண்டு பின் சக்கரங்களுக்கும் செயின். வளைவில் உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல வேண்டும் என்பதை முதல் வண்டியிலேயே கணக்கில் எடுத்திருக்கிறார். கியர் மட்டும் ஒன்றே ஒன்று. டைம்லர் வண்டிக்கு இரண்டு.

கியர் போதாத லட்சணம் 1888 ஆகஸ்டில் தெரிந்தது. கணவரிடம் சொல்லாமல் பெர்த்தா பென்ஸ், மேம்படுத்திய மூன்றாம் மாடலில் மகன்கள் ஆய்கனையும் ரிச்சர்டையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமுக்குக் கிளம்பிவிட்டார். நூறு கிலோமீட்டருக்கு மேல். வீஸ்லோக் மருந்துக்கடையில் எரிபொருளுக்கு லிக்ரோயின் என்ற பெட்ரோலியக் கரைப்பானை வாங்கினார். அடைத்த எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்தினார். தேய்ந்த பிரேக் கட்டைக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் போட்டுக்கொண்டார். தண்ணீர் கொதித்து ஆவியாகியே எஞ்சினைக் குளிர்விக்கும் என்பதால் வழியெல்லாம் ஊற்ற வேண்டியிருந்தது. மேடு வந்தால் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். திரும்பி வந்த பிறகு மலையேற இன்னொரு கியர் சேர்க்கப்பட்டது. பாகம் பாகமாகக் குறை சொல்லிய முதல் சோதனை ஓட்டுநர் அவர்தான். டைம்லர் வண்டிக்கு இப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

காராகப் பார்த்தால் என் ஓட்டு பென்ஸுக்கே. ஆனால் டைம்லர் காரை மட்டும் குறிவைத்தவர் அல்ல. அதே எஞ்சின் வகையை 1885-இல் மரச்சட்ட இருசக்கர வண்டியிலும், மறு ஆண்டு படகிலும், 1888-இல் ஆகாயக் கப்பலிலும் ஏற்றினார். எஞ்சின்தான் அவருடைய சரக்கு. 1889 பாரிஸ் கண்காட்சிக்கு மைபாக் எஃகுச் சக்கரக் கார் ஒன்றைச் செய்து அனுப்பினார்: வி வடிவ இரட்டை சிலிண்டர், நாலு கியர். விம்ஃபின் குதிரைவண்டி அங்கே அடையாளமில்லாமல் போய்விட்டது.

பென்ஸ் மெதுவான எஞ்சினையும் பெல்ட்டையும் விடவே இல்லை. 1894-இல் வந்த வெலோ கார் நன்றாக விற்றதால் அவருக்கு மாற்றத் தோன்றவும் இல்லை. 1901-இல் டைம்லர் கம்பெனிக்காக மைபாக் செய்த 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் வந்ததும் பென்ஸ் கார்கள் ஒரே அடியில் பழசாகிவிட்டன. பென்ஸ் கம்பெனி பிரெஞ்சு டிசைனர்களை வரவழைத்தது. 1903-இல் கார்ல் பென்ஸ் தன் பெயர் தாங்கிய கம்பெனியின் அன்றாட வேலையிலிருந்து விலகிக்கொண்டார்.