மிடில்செக்ஸ் தெருவின் ஷட்டர் எழுத்துகள்: ஒரு மதிப்புரை

லண்டனின் கிழக்குப் பகுதியில் தெருவோவியம் பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஷோர்டிட்ச்சுக்கும் பிரிக் லேனுக்குமே செல்கிறார்கள். அவற்றுக்குச் சற்றுத் தெற்கே, லிவர்பூல் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடைத் தொலைவில் இருக்கிறது மிடில்செக்ஸ் தெரு. 2010ஆம் ஆண்டு பென் ஐன் என்ற ஓவியர், கடைக்காரர்களின் சம்மதத்தோடு, இந்தத் தெருவின் ஷட்டர்களில் ஏ முதல் இசட் வரை ஆங்கிலத்தின் 26 எழுத்துகளையும் ஷட்டருக்கு ஒன்றாக வரைந்தார். நுழைவுக் கட்டணம் கிடையாது. வாயில் கிடையாது. பொறுப்பாளர் என்று யாரும் கிடையாது. ஆனாலும் ஓர் அருங்காட்சியகத்தைப் பற்றி எழுதும்போது எதையெல்லாம் கவனிப்போமோ, அதாவது எப்போது போக வேண்டும், எதைப் பார்க்கலாம், எது ஏமாற்றம் தரும் என்பதையெல்லாம், இங்கேயும் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த ஓவியங்களைப் பார்க்க நேரம் தெரிந்து போக வேண்டும் என்பதும், அதைச் சொல்வதற்கு அங்கே எதுவும் இல்லை என்பதும்தான் அதற்குக் காரணம்.

சுவரில் வரைந்த ஓவியம் எந்த நேரமும் கண்ணுக்குத் தெரியும். ஷட்டரில் வரைந்தது அப்படியன்று; கடை திறந்தவுடன் அது உருளையில் சுருண்டு மேலே போய்விடுகிறது. காலை பத்து மணிக்கு மிடில்செக்ஸ் தெருவில் நிற்பவர் கண்ணாடிக் கதவுகளையும் தோல் சட்டைகளையும் பெட்டிகளையும்தான் பார்ப்பார். தலைக்கு மேலே ஓர் எழுத்து சுருண்டு கிடப்பதை அவர் அறிய வழியே இல்லை. இங்கே பலரும் செய்யும் தவறு ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவது. அன்றுதான் இந்தத் தெரு முழுவதும் சந்தை. மக்கள் இன்றும் பெட்டிகோட் லேன் சந்தை என்று அழைக்கும் இந்தத் துணிச்சந்தைக்குச் சில நூற்றாண்டுக் கால வரலாறு உண்டு. யூத வணிகர்கள் மிகுதியாக இருந்த காலத்தில் சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள், ஞாயிறு வியாபார நாள். அந்த ஞாயிறு வியாபாரத்துக்கு 1936ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று முறையான பாதுகாப்பும் அளித்தது. ஆகவே ஞாயிறு காலையில் ஷட்டர்கள் மேலே இருக்கும். கீழே இருக்கும் சிலவற்றையும் சந்தைக் கடைகளின் சட்டகங்களும் தொங்கும் உடைகளும் மறைத்துவிடும். சந்தையைப் பார்க்க அது நல்ல நாள்தான், எழுத்துகளைப் பார்க்க நல்ல நாளன்று.

எழுத்துகளுக்கு உகந்தது மாலை நேரம். அதிலும் கோடைக்கால மாலைக்கு இணை இல்லை. ஜூன் மாதத்தில் லண்டனில் சூரியன் மறைய இரவு ஒன்பது மணிக்கு மேல் ஆகிறது. கடைகளோ ஆறு மணி வாக்கில் மூடத் தொடங்கிவிடுகின்றன. ஆக, மூடிய ஷட்டர்களும் போதிய வெளிச்சமும் ஒருசேரக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ மூன்று மணி. டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடுவதால், கடை மூடும்போது தெருவிளக்கின் மஞ்சள் ஒளியே மிஞ்சுகிறது. ஐன் தேர்ந்த நிறங்களின் பளிச்சென்ற வேறுபாடு அந்த ஒளியில் மங்கிவிடுகிறது. குளிர்காலத்தில் வருகிறவர்கள் விடிந்தவுடன், கடை திறப்பதற்கு முன் வருவது நல்லது. சனிக்கிழமைகளில் சந்தை கிடையாது, நகரின் அலுவலகங்களும் ஓய்ந்திருக்கும் என்பதால் அன்று தெருவில் நின்று நிதானமாகப் பார்க்க இடம் கிடைக்கிறது.

ஷட்டரில் வரைவது சுவரில் வரைவதைவிடக் கடினமான வேலை. உருட்டு ஷட்டர் என்பது வளைந்த எஃகுப் பட்டைகள் ஒன்றோடொன்று கொக்கி போல மாட்டிக்கொண்டு நிற்கும் பரப்பு. ஸ்ப்ரே டப்பாவை நேராகப் பிடித்து அடித்தால் பட்டையின் மேடு நிறத்தை வாங்கிக்கொள்ளும், பள்ளம் வாங்காது. மேலிருந்து ஒரு கோணமும் கீழிருந்து ஒரு கோணமுமாக அடித்தால்தான் மடிப்புக்குள் நிறம் இறங்கும். துத்தநாகம் பூசிய எஃகில் முறையான அடிப்பூச்சு இல்லாமல் எந்த வண்ணமும் நெடுநாள் ஒட்டாது. அதற்கும் மேலாக, ஷட்டர் ஒவ்வொரு முறை சுருளும்போதும் வண்ணம் பூசிய பட்டை இன்னொரு பட்டையின் மீது உரசுகிறது. கடைக்காரர் தினமும் ஒரு தடவை ஏற்றி ஒரு தடவை இறக்கினாலும் ஆண்டுக்கு எழுநூறு முறை உரசல். இணைப்புகளில் நிறம் உதிர்வதும், கீழ்ப்பட்டையில் பூட்டுப் போடும் இடத்தில் கைபட்டுக் கைபட்டு எஃகு வெளியே தெரிவதும் இதனால்தான்.

இந்தப் பரப்புக்கு எழுத்தைத் தேர்ந்ததில்தான் ஐனின் அறிவு தெரிகிறது. முகத்தையோ மெல்லிய கோட்டோவியத்தையோ ஷட்டரில் வரைந்தால், பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது பட்டைகளின் நிழல் அதைத் துண்டு துண்டாக்கிவிடும். தடித்த அடித்தண்டுகளும் அகன்ற முனைகளும் கொண்ட, பழைய சர்க்கஸ் சுவரொட்டிகளின் மர அச்சுகளை நினைவூட்டும் ஒரு பெரிய எழுத்துக்கு அந்த ஆபத்து இல்லை. பட்டைகளின் கிடைக்கோடுகள் எழுத்தின் உடலுக்குள் ஓடி, அது அங்கேயே வார்த்தெடுக்கப்பட்டது போன்ற தோற்றத்தைத் தருகின்றன. எழுத்து ஷட்டரை ஓரம் முதல் ஓரம் வரை நிறைக்கிறது. கடையின் முகப்பு அகலமானால் எழுத்தும் தோள் விரிக்கிறது, குறுகலானால் ஒடுங்கி உயர்கிறது. ஒரே கையிலிருந்து வந்தவை என்று எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். ஆனால் ஒன்றின் உடற்கட்டு மற்றொன்றுக்கு இல்லை. வேறு எந்தத் தெருவிலும் ஓர் எழுத்துக்கு முன்னால் இவ்வளவு நேரம் நின்று, அதன் வளைவு எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது என்று நான் பார்த்ததில்லை. தினமும் ஆயிரக்கணக்கான எழுத்துகளைப் பொருளுக்காக மட்டும் கண்ணால் கடந்து போகிறோம். இங்கே எழுத்து எந்தச் சொல்லிலும் சேராமல், எதையும் விற்காமல், தன் உருவத்தை மட்டுமே காட்டி நிற்கிறது. கடைத்தெருவில் இது கிடைப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

இந்தப் பக்குவம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அவருடைய பின்னணியைப் பார்க்க வேண்டும். பென் ஃப்ளின் என்பது இயற்பெயர். லண்டனில் அனுமதியின்றித் தன் பெயரைக் கிறுக்கித் திரிந்த கிராஃபிட்டிக்காரராகத் தொடங்கியவர் அவர். முகம் காட்டாத புகழ்பெற்ற தெருவோவியர் பாங்க்ஸியின் படைப்புகளை அச்சிட்டு வெளியிட்ட பிக்சர்ஸ் ஆன் வால்ஸ் நிறுவனத்தில் திரை அச்சுப் பணியில் இருந்தவர். இரவில் அவசரமாக எழுதிவிட்டு ஓடுகிறவருக்கு எழுத்தின் வேகம் தெரியும். நிறத்துக்கு ஒரு திரை என்று பிரித்து அச்சிடுகிறவருக்குத் தட்டையான நிறங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் ஒழுங்கு தெரியும். மிடில்செக்ஸ் தெருவின் எழுத்துகளில் இரண்டும் இருக்கின்றன. அதே 2010ஆம் ஆண்டு ஜூலையில் பிரிட்டன் பிரதமர் டேவிட் கேமரன், அமெரிக்க அதிபர் ஒபாமாவுக்கு ஐனின் ஓவியம் ஒன்றை அரசுப் பரிசாகக் கொடுத்தார். உடைமையாளரின் அனுமதி இல்லாமல் வரைந்தால் 1971ஆம் ஆண்டுச் சொத்துச் சேதச் சட்டத்தின்படி குற்றம் என்று கருதப்படும் ஒரு பழக்கத்திலிருந்து வந்தவரின் கைவேலை வெள்ளை மாளிகைக்குப் போனது செய்தித்தாள்களில் பெரிதாகப் பேசப்பட்டது. எனக்கு அந்தப் பரிசைவிட இந்தத் தெருவே முக்கியமானதாகப் படுகிறது. பரிசாகப் போன ஓவியம் சுவரில் மாட்டும் ஓவியம்; இங்கே இருப்பவை தினமும் வேலைக்குப் போய்த் திரும்புகிற ஓவியங்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது, நெடுங்கணக்கு இன்று முழுமையாக இல்லை. கடை கைமாறும்போது புதிய உரிமையாளர் ஷட்டரை மாற்றுகிறார், அல்லது தன் கடையின் நிறத்தைப் பூசிவிடுகிறார். கட்டடம் இடிபட்டால் ஷட்டரும் போகிறது. ஏ முதல் இசட் வரை எல்லாவற்றையும் பார்த்துக் குறித்துக்கொள்ளும் ஆசையோடு வருகிறவர்கள் ஏமாறுவார்கள். எஞ்சியவற்றிலும் சிலவற்றின் கீழ்ப்பகுதியில் பிறருடைய கிறுக்கல்கள் ஏறியிருக்கின்றன. இரண்டாவது, தெருவில் எங்கும் ஒரு பெயர்ப்பலகைகூட இல்லை. இவற்றை யார் வரைந்தது, எந்த ஆண்டு, எத்தனை எழுத்துகள் இருந்தன என்று சொல்லும் ஒரு சிறு தகடு தெருமுனையில் இருந்தால் போதும். வழிப்போக்கர் ஒருவர் இரண்டு எழுத்துகளைத் தற்செயலாகப் பார்த்தால், அது அந்தக் கடைகளின் பெயருக்கு முதலெழுத்து என்று நினைத்துக்கொண்டு போய்விட எல்லா வாய்ப்பும் உண்டு. மூன்றாவது, நடைபாதை குறுகல். குப்பை மூட்டைகளும் சரக்கு வண்டிகளும் ஷட்டருக்கு முன்னால் நிற்பது வழக்கம். முழு எழுத்தையும் படமெடுக்க எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போக வேண்டும்; அங்கிருந்து எடுத்தால் நடுவே வண்டி.

வழிகாட்டியோடு நடக்கும் தெருவோவியச் சுற்றுலாக்கள் இந்தப் பகுதியில் நிறைய உண்டு. நான் சேர்ந்து நடந்த ஒன்று பட்டப்பகலில் நடந்தது. ஹான்பரி தெருவில் பெல்ஜிய ஓவியர் ரோவா வரைந்த மாபெரும் பறவையையும், பிரின்ஸ்லெட் தெருவில் ஸ்டிக் வரைந்த, கைகோத்து நிற்கும் இரண்டு உருவங்களையும் வழிகாட்டி ஈடுபாட்டோடு விளக்கினார். ஷட்டர்களுக்கு முன்னால் வந்தபோது அவர் கைப்பேசியில் படம் காட்ட வேண்டியதாயிற்று, ஏனென்றால் கடைகள் திறந்திருந்தன. சுவரோவியங்களுக்கு அந்தச் சுற்றுலா பொருத்தமானது. ஷட்டர்களுக்குத் தனியாக மாலையில் வருவதே வழி. அப்படி வருகிறவர்கள் மிடில்செக்ஸ் தெருவிலிருந்து வென்ட்வொர்த் தெருவுக்குத் திரும்பினால், பகலில் ஆப்பிரிக்க மெழுகு அச்சுத் துணிகள் விற்கும் கடைகளின் வரிசையைக் காணலாம். கடை இன்னும் மூடாமல் இருந்தால் அந்தத் துணிகளின் நிறங்களும், பக்கத்தில் மூடிய ஷட்டரின் நிறங்களும் அடுத்தடுத்துக் கிடைக்கும். அங்கிருந்து பிரிக் லேனுக்கு நடந்தால், 1743இல் ஹியூகனாட் எனப்படும் பிரெஞ்சுப் புராட்டஸ்டன்ட் கிறித்தவர்களின் தேவாலயமாகக் கட்டப்பட்டு, பிறகு யூதர்களின் தொழுகைக்கூடமாகி, 1976 முதல் பள்ளிவாசலாக இருக்கும் கட்டடம் வரும். அதைச் சுற்றியுள்ள சந்துகளின் ஷட்டர்களில் வேறு பலரின் வேலைகளும் இருக்கின்றன. அவற்றில் தரம் ஏறியும் இறங்கியும் இருக்கிறது. சில வெறும் விளம்பரங்கள்.

இந்தத் தெருவை இப்போதே பார்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உள்ளே எதுவும் தெரியாதபடி மூடும் ஷட்டர்களையே நகர நிர்வாகங்கள் விரும்புவதில்லை. பிரிட்டனில் கடையின் வெளிப்புறத்தில் புதிதாக ஷட்டர் பொருத்தப் பொதுவாகத் திட்ட அனுமதி தேவை. பல உள்ளாட்சிகள் முழுத் தகட்டு ஷட்டர்களைத் தவிர்க்கச் சொல்லி, கண்ணாடிக்கு உள்ளே பொருத்தும் கம்பி வலைகளையே பரிந்துரைக்கின்றன. மூடிய தகடுகள் இரவில் தெருவை அச்சமூட்டுவதாக ஆக்குகின்றன, கிறுக்கல்களுக்கு இடம் கொடுக்கின்றன என்பது அவர்கள் தரப்பு வாதம். நியூயார்க் இன்னும் ஒரு படி போனது. 2011 ஜூலை முதல் புதிதாகப் பொருத்தும் ஷட்டர்களின் பரப்பில் 70 சதவீதமாவது உள்ளே தெரியும்படி இருக்க வேண்டும் என்றும், பழையவற்றையும் 2026 ஜூலைக்குள் மாற்ற வேண்டும் என்றும் அந்நகரில் 2009ஆம் ஆண்டு சட்டம் வகுக்கப்பட்டது. அதே நகரின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில்தான், கடைக்காரர்களையும் ஓவியர்களையும் இணைத்து நூறு ஷட்டர்களில் வரையும் திட்டம் பின்னர் தொடங்கியது. இருட்டிய தெருவில் வெறும் தகடுகளுக்கு நடுவே நடப்பது இதமானதன்று என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மிடில்செக்ஸ் தெருவில் எழுத்துள்ள ஷட்டர்களின் வரிசையைக் கடந்து, எழுத்தில்லாத வரிசைக்குள் நுழையும்போது உண்டாகும் வேறுபாட்டைக் காலால் நடந்தே உணரலாம். முந்தைய வரிசையில் மனிதர்கள் நின்று பார்க்கிறார்கள். நிற்கும் மனிதர்கள் இருக்கும் தெருவில் அச்சம் குறைகிறது. கம்பி வலை போட்டால்தான் தெரு உயிர்ப்போடு இருக்கும் என்ற முடிவுக்கு வருவதற்கு முன், திட்ட அதிகாரிகள் ஒரு கோடை மாலையில் இங்கே நடந்து பார்க்க வேண்டும்.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன் என்றால், எழுத்துருவிலும் அச்சுக்கலையிலும் ஆர்வம் உள்ளவர்களுக்குத் தயக்கமின்றி, முதலிடத்தில். பெரிய சுவரோவியங்களின் பிரமிப்பை எதிர்பார்ப்பவர்களுக்கு ஷோர்டிட்ச் போதும். குழந்தைகளோடு வருகிறவர்கள் அவசியம் வரலாம். எழுத்து கூட்டிப் படிக்கும் வயதில் உள்ள குழந்தைக்குத் தன்னைவிட உயரமான ஓர் எழுத்தைத் தொட்டுப் பார்ப்பது புத்தகத்தில் கிடைக்காதது. ஒரு மணி நேரம் ஒதுக்கினால் மிடில்செக்ஸ் தெருவையும் வென்ட்வொர்த் தெருவையும் அவசரமில்லாமல் பார்க்கலாம். லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் இறங்கி வடமுனையிலிருந்து தெற்கே நடந்தால், முடிவில் ஆல்ட்கேட் நிலையம் பக்கம் என்பதால் திரும்பி நடக்க வேண்டியதில்லை. படம் எடுக்கும்போது ஏதாவது ஒரு கடைக்காரர் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தால், அவரிடம் அந்த எழுத்தைப் பற்றிக் கேளுங்கள்; இந்தத் தெருவில் வழிகாட்டி என்று சொல்லத்தக்கவர்கள் அவர்கள்தான்.