படிக்கக் கூச்சப்படுகிற அப்பாவுக்கும் ஆகும்: ஸ்டோரிவீவர் பற்றி

முதலில் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ஆன்லைனில் ஒரு கதைப்பெட்டி வாங்கினேன். பொத்தானை அழுத்தினால் கதை சொல்லும், பாட்டுப் பாடும், விலை 1,800 ரூபாய். கம்பெனி பெயர் வேண்டாம், இதே மாதிரிப் பெட்டியைப் பத்துப் பேர் விற்கிறார்கள். தமிழ் என்று போட்டிருந்தது, வந்தது பாதிக்கு மேல் இங்கிலீஷ் பாட்டு. தமிழ்க் கதைகளைச் சொன்ன அம்மா ரேடியோவில் வானிலை அறிக்கை வாசிப்பது போலச் சொன்னார். என் மகள் ஒரு வாரம் கேட்டாள், அப்புறம் பொம்மைக்கு ஸ்டூலாகப் போட்டுவிட்டாள். எங்கள் ஊர் மண்டபம், கடலோரம்; அந்த உப்புக்காற்றில் நாலே மாதத்தில் சார்ஜ் போடுகிற வாய் பச்சை பூத்துப்போனது.

அதை ஏன் வாங்கினேன் என்றால் எனக்கு நேரம் இல்லை, அவ்வளவுதான். நான் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். படகு கரைக்கு வருகிற நாளில் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவேன் என்று எனக்கே தெரியாது. வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர், காலையில் கிளம்பினால் மறுநாள் காலைதான் கரை, வாரத்தில் மூன்று நாள் இப்படி. மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு மூன்று நடக்கிறது. பகலெல்லாம் அப்பத்தாவோடு இருக்கிறார்கள். அப்பத்தா நன்றாகக் கதை சொல்வார், ஆனால் எல்லாக் கதையிலும் கடைசியில் பேய் வரும், ராத்திரி என் தூக்கம் போகும்.

ஸ்டோரிவீவர் என்கிற தளத்தை மகளின் பால்வாடி டீச்சர் சொல்லித்தான் தெரியும். பெங்களூரில் உள்ள பிரதம் புக்ஸ் என்கிற லாபநோக்கமில்லாத பதிப்பகம் 2015-இல் தொடங்கியது. முன்னூறு மொழிகளுக்கு மேல் இருக்கிறது, தமிழும் உண்டு, காசு கிடையாது. படம் போட்ட குழந்தைக் கதைகள், நான்கு படியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். முதல் படி 250 சொல்லுக்குள், இரண்டாவது 600 வரை, மூன்றாவது 1,500 வரை, நான்காவது அதற்கும் மேல். எங்கள் அக்கா மகன் அரசுப் பள்ளியிலிருந்து வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்களைக் கொண்டுவருவான், அதிலும் நுழை, நட, ஓடு, பற என்று படிகள் இருக்கும், கிட்டத்தட்ட அதே யோசனைதான்.

இந்தப் படிகள் பிள்ளைகளுக்கு என்றுதான் நானும் நினைத்தேன். எங்கள் வீட்டில் முதலில் உதவியது பிள்ளைகளின் அப்பாவுக்கு.

அவர் எட்டாவதோடு கடலுக்குப் போனவர். பேப்பர் படிப்பார், போனில் வருவதெல்லாம் படிப்பார், ஆனால் மனசுக்குள்தான். சத்தமாகப் படிக்கச் சொன்னால் "நீயே படி, எனக்கு வராது" என்று எழுந்து போய்விடுவார். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று படிக்கச் சொல்லி, திக்கினால் வகுப்பே சிரிக்கும், அந்தப் பயம் முப்பத்தைந்து வயதிலும் போகவில்லை. மீன்பிடித் தடைக்காலம் வந்தது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும், மனுஷன் வீட்டில். எனக்கோ வேறொரு கம்பெனி கணக்கும் சேர்ந்துகொண்டது. ஒரு ராத்திரி மகள் முதல் படிப் புத்தகம் ஒன்றை அவர் மடியில் போட்டாள். ஒரு பக்கத்துக்கு ஒரு வரி, சில பக்கத்தில் இரண்டே சொல். இதைப் படிக்க யாரும் திக்க மாட்டார்கள். படித்தார். மறுபடி படிக்கச் சொன்னாள், மறுபடி படித்தார். நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கவில்லை, பார்த்தால் நிறுத்திவிடுவார் என்று தெரியும்.

இரண்டு வாரத்தில் இரண்டாம் படிக்குப் போய்விட்டார்கள். அதற்குள் அவர் படிக்கிற விதமே வேறாகிவிட்டது. கதையில் "மீன்" என்று மட்டும் போட்டிருந்தால் அவரால் அதைத் தாண்டிப் போக முடியாது. "என்ன மீனு?" என்று நிறுத்திவிடுவார். ஒரு படத்தில் குளத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மீன்.

"செவப்பா இருக்குல்ல, நகரையாத்தான் இருக்கணும்."

"இல்லப்பா, கிளிமீனு. வாயப் பாரு."

திண்ணையிலிருந்து அப்பத்தா: "குளத்துல ஏதுடா நகரை?"

மூன்று நிமிஷக் கதை, முடிய இருபது நிமிஷம். எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது, ஒழுங்காகப் படித்து முடித்துத் தூங்கவைக்கக் கூடாதா என்று. பிறகு எங்கோ படித்தேன், 1988-இலேயே அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் என்கிற உளவியலாளரும் கூட்டாளிகளும் இதைத்தான் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளின் பெற்றோரில் ஒரு பகுதிப் பேருக்கு, படித்துக்கொண்டே போகாமல் இடையிடையே கேள்வி கேட்கவும் பிள்ளை சொன்னதை இன்னும் கொஞ்சம் விரித்துத் திருப்பிச் சொல்லவும் பழக்கினார்கள். ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகள் பேச்சில் மற்றவர்களைவிட முன்னே போயிருந்தார்கள். எங்கள் வீட்டில் அதை யாரும் பழக்கவில்லை, சூடை மீனுக்கும் காரல் மீனுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒருவர் கதை எழுதிவிட்டாரே என்கிற ஆதங்கத்தில் தானாக நடந்தது.

இந்தத் தளம் எனக்குப் பிடித்ததற்கு இன்னொரு காரணம் அதன் உரிமம். கிரியேட்டிவ் காமன்ஸ் என்கிறார்கள். எழுதியவர், படம் போட்டவர் பெயரைப் போட்டுவிட்டால் யாரும் பிரதி எடுக்கலாம், அச்சடிக்கலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றியும் எழுதலாம். அதனால் தைரியமாகப் பேனாவை எடுத்து "மீன்" என்பதை அடித்துவிட்டு "பாறை" என்று மீனின் பெயரையே எழுதிக்கொண்டோம். கடையில் வாங்கிய புத்தகத்தில் எனக்கு அந்த மனசு வராது. தளத்திலேயே அங்கிருக்கும் படங்களை வைத்துச் சொந்தமாகக் கதை எழுதவும் வழி இருக்கிறது. கடல்பசுவை இங்கே ஆவுளியா என்போம், அதைப் பற்றி ஒன்று எழுத வேண்டும் என்று மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தேன், முடிக்கவில்லை.

யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம் என்பதால் ஒரு வேலை நம் தலையில் விழுகிறது: பிள்ளைக்குப் படிப்பதற்கு முன்னால் நாம் ஒரு தடவை படித்துவிட வேண்டும். நான் பஸ்ஸில் படித்துவிடுவேன். வாய்க்குள் சொல்லிப் பார்த்து நாக்கு எங்கே தட்டுகிறதோ அங்கே நம் பேச்சை வைத்துக்கொள்வேன். சில கதைகளுக்குக் குரலும் உண்டு, எழுத்து நிறம் மாறிக்கொண்டே வரும். எங்களுக்கு அது ஒத்துவரவில்லை, பெட்டியில் பட்டது போதும்.

போனில் படிப்பதும் சரிப்படாது. போன் கையில் வந்த மறு நிமிஷம் "வீடியோ வை" என்று மகன் ஆரம்பித்துவிடுவான். அதனால் பிடிஎஃப் இறக்கி, பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் எடுக்கிறோம். பக்கத்துக்கு இரண்டு ரூபாய், ஒரு தாளில் இரண்டு பக்கம் வருவது போல எடுத்தால் ஒரு கதை பதினைந்து ரூபாய்க்குள் முடிந்துவிடும். கலர் பிரிண்ட் பக்கத்துக்குப் பத்து ரூபாய், தேவையே இல்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து கிரேயான் அடித்துக்கொள்கிறார்கள், எங்கள் வீட்டுக் காகம் ஒன்று ஊதா நிறத்தில் இருக்கிறது. ராமநாதபுரம் போய் வருகிற பஸ் காசில் மூன்று கதை எடுத்துவிடலாம். கடைப் புத்தகமும் வாங்குவோம்தான், பொங்கலுக்கு ஒன்று, பிறந்தநாளுக்கு ஒன்று.

தினமும் படிக்கிறோமா என்றால் இல்லை. இப்போது அவர் மறுபடி கடலுக்குப் போகிறார், அந்த மூன்று ராத்திரியும் நான்தான். நான் படித்தால் மகளுக்குத் திருப்தி இல்லை, "நீ சும்மா படிக்கிற" என்கிறாள். களைப்பில் நான் இரண்டு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பினாலும் கண்டுபிடித்துவிடுவாள், முழுக்க மனப்பாடம். சில நாள் ஒரு பக்கத்தோடு நானே முதலில் தூங்கிவிடுகிறேன்.

எடுத்துப் பார்க்க நினைக்கிறவர்களுக்கு: மொழியில் தமிழைத் தேர்ந்து, பிள்ளைக்கு ஐந்து வயதானாலும் முதல் படியிலேயே ஆரம்பியுங்கள், படிக்கப் போகிறவரும் பழக வேண்டுமே. ஒரே தடவையில் முப்பது கதை இறக்காதீர்கள், நாலு போதும், ஒன்றையே நாற்பது தடவை கேட்பார்கள். அப்புறம், கடலோரத்தில் இருக்கிறவர்கள் ஸ்டேப்ளர் பின் குத்தாதீர்கள். எங்கள் முதல் ஐந்து புத்தகமும் ஒரு மாதத்தில் துருப்பிடித்து, கறை நடுப்பக்கம் வரை இறங்கி, தாள் கிழிந்து வந்துவிட்டது. இப்போது வலை தைக்கிற நைலான் நூலால் முதுகில் மூன்று தையல் போட்டுத் தருகிறார் அவர். மகன் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டான், பிரியவில்லை.