ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டிக்கு பேட்டரி மாற்றுகிறீர்களா? பேட்டரியின் மேலே எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு தினமும் காரில் போய் வருகிறேன். கோபாலபுரம் செக்போஸ்ட்டில் லாரிகளுக்குப் பின்னால் நிற்கும்போது, நியூட்ரலில் போட்டு கிளட்சிலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் தானாக அணைந்துவிடும். கிளட்சை மிதித்தால் மறுபடி ஓடும். இதுதான் ஸ்டார்ட்-ஸ்டாப். நாலாவது வருஷம் அணைவது நின்றுபோனது. பேட்டரி சோர்ந்தால் வண்டியே அந்த வசதியை நிறுத்திக்கொள்ளும். அணைந்த இன்ஜினைத் திரும்பக் கிளப்பத் தெம்பு வேண்டுமே. அவ்வளவு எனக்கும் தெரிந்திருந்தது.

ஊருக்குப் பக்கத்தில் ஒரு பேட்டரிக் கடை. பேர் வேண்டாம். "ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டிங்க, அதுக்குண்டானதையே போடுங்க" என்றேன். "இஎஃப்பி தானுங்க, தெரியாதுங்களா?" என்று சிரித்தார். ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டிக்கென்று வரும் பேட்டரி வகை அது. பழையதைக் கொடுத்தது போக 7,400 ரூபாய். பில்லில் 'கார் பேட்டரி - 1' என்று மட்டும் கிறுக்கித் தந்தார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். புத்தி அங்கேதான் போனது.

அன்று இன்ஜின் அணையவில்லை. போன் செய்தேன். "பேட்டரியைக் கழட்டி மாட்டினா சென்சார் பழக நேரம் எடுக்குங்க" என்றார். மறுநாளே வேலை செய்தது. ஐந்தாவது மாதம் மறுபடி நின்றது. "ஏசியை முழுசா வெச்சா வராதுங்க." ஏப்ரல் மாசத்துப் பாலக்காட்டு வெயிலில் ஏசி இல்லாமல் எப்படி? சரி என்று விட்டேன். இதில் கொடுமை என்னவென்றால், அவர் சொன்ன இரண்டுமே பொய்யில்லை. கழற்றி மாட்டினால் சில மணி நேரம் வேலை செய்யாத வண்டிகள் உண்டு, உள்ளே சூடு அதிகமிருந்தால் இன்ஜின் அணையாது என்பதும் உண்மை. என் கேஸில்தான் காரணம் வேறு.

பதினோராவது மாதம், அதே செக்போஸ்ட் வரிசையில் சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும். பின்னால் டெம்போக்காரர் ஹாரனை விடவே இல்லை. தள்ளி ஓரங்கட்டினோம்.

பொள்ளாச்சி மெக்கானிக் பானெட்டைத் திறந்ததும் பேட்டரியின் மேல் இருந்த குறியீட்டில் விரலை வைத்தார். '46பி24எல்'. கம்பெனியில் வந்ததில் இருந்தது 'என்-55'. பெட்டி இரண்டும் ஒரே அளவு, தட்டில் கச்சிதமாக உட்காரும், அதனால் பார்வைக்குத் தெரியாது. முதலாவது சாதா பேட்டரி, என்-55தான் இஎஃப்பி. ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை ஸ்டார்ட் எடுப்பதும், இன்ஜின் அணைந்திருக்கும்போது விளக்கு, ஃபேன், பாட்டு எல்லாவற்றையும் தாங்குவதும் அதன் வேலையில்லை. இஎஃப்பியில் தகட்டுப் பசை உதிராமலிருக்க பாலியஸ்டர் வலை வைத்திருப்பார்கள். ஏஜிஎம் என்ற இன்னொரு வகை பேட்டரியோடு வந்த வண்டி என்றால் இஎஃப்பியும் ஆகாது, ஏஜிஎம்தான் போட வேண்டும்.

வாரண்டி இருக்கிறதே என்று கடைக்குப் போனேன். கார்டைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டியில சாதா பேட்டரி போட்டா வாரண்டி கிடையாதுங்க" என்றார். போட்டது யார் என்று கேட்டேன். "நீங்க கேட்டதைத்தானே போட்டோம்?" பில்லை எடுத்துக் காட்டினேன். 'கார் பேட்டரி - 1'. அதை வைத்து நான் என்ன வாதாடுவது?

புதிதாக என்-55 வாங்கியபோது குறியீடு, சீரியல் நம்பர், தேதி மூன்றையும் பில்லில் எழுத வைத்தேன். மாட்டும் முன்பே பேட்டரியைப் படமும் எடுத்துக்கொண்டேன். பொள்ளாச்சிக் கடைக்காரர் கொஞ்சம் முகம் சுளித்தார், ஆனால் எழுதினார்.