வலசைப் பருந்துகளை எண்ண ஒரு 8×42 பைனாகுலர்: நீண்டநாள் பயன்பாட்டு அனுபவம்

புரட்டாசி பிற்பகுதி முதல் கார்த்திகை வரை மதுரை அருகே அரிட்டாபட்டிக் குன்றுகளிலும் நாகமலை அடிவாரக் கண்மாய்க் கரைகளிலும் இரைகொல்லிப் பறவைகளை எண்ணுவதற்கு இந்த 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மி.மீ. விட்டம்) பைனாகுலரைத்தான் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். பத்து மடங்கு பெரிதாக்கும் கருவி இருக்க எட்டு மடங்கு எதற்கு என்று பலரும் கேட்கிறார்கள். ஒற்றைப் பறவையை இனங்காணப் பத்து மடங்கு உதவலாம். எண்ணுவதற்கு எட்டே போதும், அதுவே நல்லது.

காரணம் காட்சிப் பரப்புதான். இதில் 1000 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 130 மீட்டர் அகலம் தெரிகிறது. வெயில் ஏறியதும் வெப்பக் காற்றில் சுழன்று மேலேறும் பருந்துகளைச் சுழலுக்குள்ளேயே எண்ணினால் ஒன்றையே இருமுறை எண்ணிவிடுவோம்; அவை உச்சியை எட்டி, இறக்கையைச் சற்றே ஒடுக்கி, ஒவ்வொன்றாகச் சறுக்கி வெளியேறும்போது எண்ணுவதே முறை. அதற்குச் சுழலும் வெளியேறும் வரிசையும் ஒரே பார்வைக்குள் அடங்க வேண்டும். பத்து மடங்கில் கைநடுக்கமும் கூடுதலாகத் தெரியும்.

அந்தி வெளிச்சத்திலும் இது கைகொடுக்கிறது. கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 5.25 மி.மீ.; 10×42 கருவியில் அது 4.2 மி.மீ. மட்டுமே. தரிசின் மேல் தாழப் பறக்கும் பெண் பூனைப்பருந்தின் வாலடி வெள்ளைப் பட்டை இருட்டும் நேரத்திலும் புலப்படுகிறது. ஆனால் அந்தப் பட்டை ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களுக்கு உண்டு என்பதால், 'பூனைப்பருந்து வகை' என்று மட்டுமே குறித்துக்கொள்வேன்.

எந்தக் கருவியும் தீர்க்காத சிக்கல் ஒன்று உண்டு. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியில் லகர் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் போனெல்லிக் கழுகும் உள்ளூர்வாசிகள். எனவே தெற்கு நோக்கிக் குன்றைக் கடந்து திரும்பாத பறவையை மட்டுமே வலசைக் கணக்கில் சேர்க்கிறேன். முகட்டுக்குத் திரும்புபவற்றுக்குக் குறிப்பேட்டில் தனிப் பத்தி.

குறைகளும் உண்டு. மேகமற்ற நீல வானில் குவியம் நிலைகொள்ளாது. தொலைவிலுள்ள முகட்டில் முதலில் குவித்துக்கொண்டு வானத்துக்குத் திருப்புவது ஓரளவு உதவுகிறது. ஐப்பசி மழையில் உள்ளே ஆவி படிந்ததே இல்லை என்றாலும், வியர்வையிலும் பாறைச் சூட்டிலும் கண்பக்க ரப்பர் பிசுபிசுத்துப் புருவத்தில் கருங்கோடு போடுகிறது. கருவி வாங்கிய கடையில் மாற்று ரப்பர் கிடைக்கவில்லை. இப்போது பழைய சைக்கிள் டியூபை வெட்டி மாட்டியிருக்கிறேன், ஒரு கோடையைத் தாங்கிவிட்டது.