மீட்டர் 2,200-ஐத் தாண்டினால் மட்டும்: வீடியோ போக்கரில் மூன்று ஆண்டுகள்

லாஸ் வேகஸில் 25 சென்ட் வீடியோ போக்கர் இயந்திரங்களின் முன் மூன்று ஆண்டுகளில் சுமார் 900 மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். பொழுது போக்க அல்ல, காசு பார்க்க. பார்த்தேன்: 2,800 டாலர். மணிக்கு மூன்று டாலர் சொச்சம். அந்த ஊர் இருக்கும் நெவாடா மாநிலத்தில் குறைந்தபட்சக் கூலியே 12 டாலர்.

வீடியோ போக்கரில் திரையில் ஐந்து சீட்டு வரும். வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை ஒரு முறை மாற்றலாம், அமையும் சேர்க்கைக்கு ஏற்பப் பரிசு. நான் ஆடியது ‘ஜாக்ஸ் ஆர் பெட்டர்’ (குறைந்தது ஜாக் ஜோடி வந்தால்தான் பரிசு) வகையில் 8/5 இயந்திரம். ஃபுல் ஹவுஸுக்கு (ஒரே மதிப்பில் மூன்று, கூடவே ஒரு ஜோடி) எட்டு, ஃப்ளஷுக்கு (ஐந்தும் ஒரே இனம்) ஐந்து மடங்கு கொடுப்பதால் அந்தப் பெயர். பிழையின்றி ஆடினால் 9/6 இயந்திரம் போட்ட பணத்தில் 99.54 சதவீதத்தைத் திருப்பித் தரும், இது 97.30தான். சாதாரண நாளில் தொடவே கூடாது. ஆனால் சில இடங்களில் ஏழெட்டு இயந்திரங்களை இணைத்து, ராயல் ஃப்ளஷுக்கான (ஒரே இனத்தில் பத்து முதல் ஏஸ் வரை) தொகையை மேலே ஒரு மீட்டரில் ஓடவிட்டிருப்பார்கள். ஒவ்வொருவர் பந்தயத்திலிருந்தும் ஒரு துளி அதில் சேரும். 1,000 டாலரில் தொடங்கும் மீட்டர் சுமார் 2,200-ஐத் தொடும்போது கணக்கு சமன். அதற்கு மேல் ஆடுபவர் பக்கம் சாயும். ஐந்து காசும் சேர்த்து 1.25 டாலர் வைத்தால்தான் அந்தத் தொகை கிடைக்கும்.

மீட்டர் ஏறினால் ஆடும் விதமும் மாற வேண்டும். இரண்டு ராஜா வந்திருக்கிறது. ஒன்று இஸ்பேட், கூடவே இஸ்பேட் ராணியும் ஜாக்கும். மற்ற நாட்களில் ஜோடியைப் பிடித்துக்கொண்டால் போட்ட பணமாவது திரும்பும். இப்போது இன்னொரு ராஜாவை வீசிவிட்டு மூன்று இஸ்பேட்டோடு ராயலைத் துரத்துவதே சரி. இதற்குக் கையைப் பழக்க எனக்கு ஆறு மாதம் ஆனது.

இப்படித் துரத்தும்போது ராயல் ஏறக்குறைய 33,000 ஆட்டத்துக்கு ஒரு முறை வரும். மணிக்கு 600 ஆட்டம் என்றால் 55 மணி நேரம். அதுவரை மணிக்குச் சுமார் 39 டாலர் கரைந்துகொண்டே இருக்கும். மீட்டர் 2,600-இல் இருந்தாலும் நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது மணிக்கு எட்டு டாலர். அந்த எட்டும் ராயல் வந்தால்தான் கண்ணில் படும். எனக்கு ஒரு முறை 170 மணி நேரம் ஒன்றுமே விழவில்லை. 6,500 டாலர் போனது. மனைவியிடம் 4,000 என்று சொன்னேன்.

இன்னொன்று: மீட்டர் உங்களுடையது அல்ல. ஒரு நாள் பதினோரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வந்தமர்ந்த ஒரு பாட்டி இருபது டாலர் நோட்டைச் செருகினார். கால் மணி நேரத்தில் ராயல் விழுந்து அவருடைய இயந்திரம் பூட்டிக்கொண்டது. “ஏதாவது உடைத்துவிட்டேனா?” என்று என்னைத்தான் கேட்டார். மீட்டர் 1,000-க்கு இறங்கியது. கடைசி நிறுத்தம் வந்த பஸ்ஸில் எழுவது போல நாங்கள் எல்லோரும் எழுந்தோம்.

நான் வாடிக்கையாகப் போன கேசினோ ஒன்றில் ஒரே இரவில் 8/5-ஐ 7/5 ஆக்கிவிட்டார்கள். அது 96.15 சதவீதம்தான் தரும். மீட்டர் அதே தொகையைக் காட்டிக்கொண்டிருந்தது. சமன் புள்ளியோ பல நூறு டாலர் மேலே போய்விட்டது. நான் கவனித்தபோது இரண்டு மணி நேரம் ஆடி முடித்திருந்தேன். அன்றிலிருந்து உட்காரும் முன் பரிசு அட்டவணையை விரல் வைத்துப் படிக்கிறேன்.

என்னை நிறுத்தியது இவை எதுவுமல்ல, வரி. மூன்று ஆண்டில் 15 ராயல், சராசரியாக 2,500 டாலர். ஒவ்வொரு முறையும் ஊழியர் டபிள்யூ-2ஜி படிவத்தோடு, அதாவது சூதாட்ட வரவை வரித்துறைக்குத் தெரிவிக்கும் படிவத்தோடு, வருவார். ஆக வரித்துறையிடம் பதிவான வரவு 37,500, இழப்பு 34,700. விலக்குகளைத் தனித்தனியாகக் கணக்குக் காட்டுபவர் இழப்பை முழுதாகக் கழிக்க முடிந்தது. 2026 முதல் இழப்பில் 90 சதவீதத்தை மட்டுமே கழிக்க முடியும். என் கணக்கை அந்த விதிப்படி போட்டுப் பார்த்தேன்: கையில் வந்தது 2,800, வரி கட்ட வேண்டிய வருமானம் 6,270.

2025 டிசம்பரோடு விட்டுவிட்டேன். கடைசி இரவு நான் எழுந்தபோது மீட்டர் 2,418-இல் நின்றது.