ஒரிஜினல் பெட்டி, உள்ளே திருட்டு நகல்: கார் கிட் வாங்குபவர்கள் கவனத்துக்கு

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ஸ்கேல் மாடல் கார் கிட் (பாகங்களை நாமே ஒட்டிச் சேர்க்கும் குட்டிக் கார்) வாங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். ஜப்பானின் டாமியா கம்பெனியின் ஒரிஜினல் பெட்டிக்குள் ரெசினில் (ஊற்றினால் இறுகும் பிசின்) வார்த்த நகலை வைத்து, மேலே ஷ்ரிங்க் கவர் சுற்றி, "சீல்டு பீஸ்" என்று ஒருவர் விற்றுக்கொண்டிருக்கிறார். என்னிடம் 8,500 ரூபாய் வாங்கினார். எல்லாம் வாட்ஸ்அப் வியாபாரம், கடை கிடையாது. புகார் கொடுத்திருப்பதால் பேரை இங்கே போடவில்லை.

நான் கேட்டது 1/20 அளவு ஜோர்டான் 191. 1991-ல் ஜோர்டான் அணி ஃபார்முலா ஒன்னில் இறக்கிய முதல் கார் அது. மைக்கேல் ஷூமாக்கர் பெல்ஜியத்தில் தன் முதல் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு வந்ததும் அந்தக் காரில்தான். கோயமுத்தூர்க்காரர்களுக்கு ஜோர்டான் என்றால் தனிப் பாசம் உண்டு. 2005-ல் நம்ம நரேன் கார்த்திகேயன் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநராக ஏறியது அந்த அணியின் காரில். அக்கா மகனும் நானும் சேர்ந்து செய்வதற்காக ரொம்ப நாளாகத் தேடிய கிட். இந்த மாதிரிப் பழைய கிட்டுகளைக் கம்பெனிகள் எப்போதும் போட்டுக்கொண்டே இருப்பதில்லை. அச்சைப் பத்திரமாக வைத்திருந்து, இடையிடையே எடுத்து ஒரு லாட் அடிப்பார்கள். நடுவில் கிடைக்காத காலத்தில் விலை ஏறும். நகல் அடிக்கிறவர்கள் குறி வைப்பதும் அந்தக் காலத்தைத்தான்.

நான் கோவை கணபதியில் ஒரு டூல் ரூமில் வேலை பார்க்கிறேன். பம்பு, மோட்டாருக்கான பிளாஸ்டிக் பாகங்களுக்கு டை, அதாவது எஃகு அச்சு, செய்வது எங்கள் தொழில். கார் கிட் செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான். ஆனால் நுணுக்கம் பல மடங்கு. முன்பெல்லாம் காரைப் பெரிய அளவில் மரத்திலோ ரெசினிலோ செதுக்கி, பான்டோகிராஃப் மெஷினில் சுருக்கி எஃகில் வெட்டுவார்கள். இப்போது கணினியில் வரைந்து, சிஎன்சியில் கடைந்து, நுண்ணிய கோடுகளை, மின்பொறியால் எஃகை அரிக்கும் ஸ்பார்க் மெஷினில் எடுக்கிறார்கள். சாதாரண ரோட்டுக் காரின் பாடி ஒரே துண்டாக வரும். கூரை, பக்கவாட்டுக் கதவுக் கோடு, முன்பக்க கிரில் எல்லாம் ஒரே ஷாட்டில் விழ வேண்டுமென்றால் அச்சின் பக்கங்கள் தனித்தனியாக நகர்ந்து திறக்கிற ஸ்லைடு வேண்டும். அதைப் பொருத்தி, இடுக்கில் பிளாஸ்டிக் பிதுங்கி ஃபிளாஷ் வராமல் செட் செய்வது எவ்வளவு பெரிய வேலை என்று டை பிட்டர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். உருகிய பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் அந்த அச்சுக்குள் அழுத்தத்தில் போய், ரன்னர் என்ற கால்வாய் வழியாகப் பிரிந்து, கேட் என்ற சின்ன வாய் வழியாக ஒவ்வொரு பாகத்திலும் நிறைந்து ஆறியதும், எஜெக்டர் பின் என்ற தள்ளுகம்பி வந்து, ரன்னரில் ஆறிய சட்டத்தோடு வெளியே தள்ளும். நாம் கட்டரில் நறுக்கி எடுப்பது அந்தச் சட்டத்திலிருந்துதான். ஜப்பானில் ஷிசுவோகா என்ற ஒரே வட்டாரத்தில் டாமியா, ஹசெகாவா, ஆவோஷிமா, ஃபுஜிமி எல்லாம் இருக்கின்றன. அங்கே டை போடுகிறவர்களின் கைவேலையைப் பார்க்கத்தான் நான் இந்தப் பொழுதுபோக்குக்குள்ளேயே வந்தேன். அதனால் இந்த நகல் எனக்குப் பணம் போன விஷயம் மட்டுமில்லை.

பெட்டியைத் திறந்ததும் சட்டமே இல்லை. பாகங்கள் ஜிப் கவர்களில் உதிரியாகக் கிடந்தன. நிறம் வெளிறிய மஞ்சள். மாப்பிள்ளை இரண்டு பாகத்தைச் சேர்த்து வழக்கமான பிளாஸ்டிக் பசையைத் தடவினான், ஒட்டவில்லை. திரும்பத் தடவினாலும் துடைத்தது போல வந்துவிட்டது. அந்தப் பசை உண்மையில் ஒரு கரைப்பான். பாலிஸ்டைரீனை இளக்கி இரண்டு பாகத்தையும் ஒன்றாக்கும். பாலியூரித்தேன் ரெசின் அதில் கரையவே கரையாது. ஃபெவிக்விக் மாதிரி இன்ஸ்டன்ட் பசையோ எபாக்சியோதான் பிடிக்கும். பொருள் வேறு என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

அப்புறம் இன்ஜின் கவரைத் திருப்பி உள்பக்கம் பார்த்தேன். எஜெக்டர் பின் தடம் வட்ட வட்டமாக இருந்தது. ரெசினை ஊற்றுவது சிலிக்கான் ரப்பர் அச்சில். அந்த அச்சைக் கையால் வளைத்தே பாகத்தை எடுத்துவிடலாம், அதற்கு எஜெக்டர் பின்னே தேவையில்லை. அப்படியென்றால் அந்தத் தடம் எங்கிருந்து வந்தது? ஒரிஜினல் பாகத்தை அப்படியே ரப்பரில் அமுக்கி அச்சு எடுத்திருக்கிறார்கள். பின் தடம், சிங்க் மார்க் (பிளாஸ்டிக் ஆறும்போது விழும் குழிவு), கேட் நறுக்கின இடத்தில் யாரோ போட்ட அரம் கீறல் எல்லாம் சேர்ந்தே நகலாகியிருக்கிறது. ஓரங்களில் காற்றுக் குமிழ் குழிகள் வேறு.

திருப்பூரில் ஒரு நண்பரிடம் ஒரிஜினல் இருந்தது. இரண்டின் ஃபுளோரையும் (காரின் அடித்தட்டு) பக்கத்தில் வைத்து வெர்னியரில் அளந்தோம். நகல் ஒரு மில்லிமீட்டருக்கும் சற்று அதிகமாகக் குட்டை. ரெசின் இறுகும்போது சுருங்கும், ரப்பர் அச்சும் கொஞ்சம் சுருங்கும். ஒரு சாண் நீளமுள்ள பாகத்தில் அந்த ஒரு மில்லிமீட்டர் போதும், ஸ்குரூ துளை எதுவும் நேராக வராது. டயர், ரப்பர் மாதிரி வளையவில்லை, கறுப்பு ரெசினில் வார்த்த கட்டி. டெக்கால் ஷீட் (தண்ணீரில் நனைத்து பாடியில் ஏற்றும் எழுத்து, படத் தாள்) கலர் பிரிண்டரில் எடுத்தது. சாதாரண பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. காகிதத்தின் வெள்ளையைப் பார்த்து நாம் எழுத்து வெள்ளை என்று நினைத்துக்கொள்வோம். தண்ணீரில் போட்டு இந்தக் காரின் பச்சை பாடி மேல் ஏற்றினால் அந்த எழுத்து இருக்கிற இடமே தெரியாது.

ரெசின் கிட் என்றாலே மட்டம் என்று நான் சொல்லவில்லை. பெரிய கம்பெனி எஃகு அச்சு வெட்டக் கட்டுப்படியாகாத கார்களைச் சின்னத் தயாரிப்பாளர்கள் சொந்தமாக மாஸ்டர் (மூல மாதிரி) செய்து, ரெசினில் வார்த்து, ரெசின் என்று பெட்டியிலேயே எழுதி விற்கிறார்கள். அது நேர்மையான தொழில், அதில் அருமையான வேலை செய்கிறவர்கள் உண்டு. இங்கே நடந்தது அடுத்தவன் அச்சின் உழைப்பைத் திருடி, அவன் பெட்டியிலேயே போட்டு விற்றது. இன்னொன்றும் இருக்கிறது. ரெசினை உப்புக்காகிதத்தில் தேய்க்கும்போது வரும் தூள் நுரையீரலுக்கு ஆகாது, தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும், மாஸ்க் போட வேண்டும். பிளாஸ்டிக் என்று நம்பி ஒரு பையன் மூடிய அறையில் உட்கார்ந்து தேய்த்தால் யார் பொறுப்பு?

விற்றவருக்குப் போன் போட்டேன். முதலில் நல்லாத்தான் பேசினார். "லிமிடெட் எடிஷன் அப்படித்தானுங்ண்ணா வரும்."

"தம்பி, உள்ளே இருக்கிற விளக்கத்தாளிலேயே பிளாஸ்டிக் பசைன்னு போட்டிருக்குதுங்க. அந்தப் பசையில ஒட்டவே மாட்டேங்குது."

"அண்ணா, நீங்க சீல் உடைச்சுட்டீங்க. இனி ரிட்டர்ன் எடுக்க முடியாதுங்க."

சீலை உடைக்காமல் உள்ளே இருப்பதை எப்படிப் பார்ப்பது? அதற்குப் பதில் இல்லை. நகலின் போட்டோக்களை அனுப்பியதும் பாதிப் பணம் தருகிறேன், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். மாட்டேன் என்றதும் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

அந்த சீலை யாரும் நம்பாதீர்கள். ஷ்ரிங்க் கவர் போடும் மெஷின் திருப்பூரில் எந்த பேக்கிங் கடையிலும் இருக்கிறது, பெட்டியைக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் சுற்றித் தந்துவிடுவார்கள். விற்பவரிடம் பெட்டியைத் திறந்து, பாகங்கள் சட்டத்தோடு இருக்கும்படி போட்டோ கேளுங்கள். பழைய கிட் வாங்கும்போது சீல் இல்லாமல் திறந்து காட்டுகிற பெட்டிதான் எனக்கு மேல் என்று படுகிறது. சட்டத்தில் கம்பெனி எழுத்தும், பாகங்களுக்குப் பக்கத்தில் எண்களும் அச்சிலேயே விழுந்திருக்கும், அதை நெருக்கத்தில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். "சீல் போயிடும், ரேட் போயிடும்" என்று மறுத்தால் விட்டுவிடுங்கள். பார்சல் வந்ததும் பிரிக்கிறதை ஒரே ஓட்டமாக வீடியோ எடுத்து வையுங்கள். பில்லில் கம்பெனி பேர், கிட் பேர், ஐட்டம் நம்பர் மூன்றும் இருக்க வேண்டும். எனக்கு வந்த பில்லில் "ஹாபி ஐட்டம் - 1" என்று மட்டும்தான் இருந்தது, இப்போது வழக்கில் அதுதான் இடிக்கிறது. நல்லவேளை, விளம்பரப் போட்டோவும் வாட்ஸ்அப் பேச்சும் அப்படியே இருக்கின்றன.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்தேன். ஆள் பதில் சொல்லவில்லை என்பதால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறேன். 2019 சட்டப்படி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். வக்கீல் இல்லாமல் நாமே நேரில் வாதாடலாம்.

இந்த ஆள் என் ஒருத்தனுக்காக ரப்பர் அச்சு எடுத்திருக்க மாட்டார். பொள்ளாச்சியிலோ கரூரிலோ நாமக்கல்லிலோ யாராவது இதே ஜோர்டான் 191-ஐ இதே மாதிரி வாங்கியிருந்தால், இன்ஜின் கவரைத் திருப்பி உள்பக்கத்தில் பின்புற ஓரத்தைப் பாருங்கள். அங்கே இருக்கிற எஜெக்டர் பின் வட்டத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, சாய்வாக ஒரு அரம் கீறல் ஓடும், பாதியில் இரண்டாகப் பிரியும். உங்களுடையதிலும் அந்தக் கீறல் இருந்தால் இரண்டும் ஒரே ஒரிஜினல் பாகத்திலிருந்து எடுத்த நகல்கள். பாகங்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்து எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்தே ஆணையத்தில் காட்டுவோம்.